பழிச்சொல்லுக்கு யார் பதில் சொல்வது?

காலை எட்டு மணிக்குத் தாம்பரம் ரயில்வே ஸ்டேஷனில் சற்று நின்று பார்த்தால், தென் சென்னையின் குடும்பங்கள் யார் தோள்களின் மேல் நிற்கின்றன என்பது விளங்கும். கடற்கரைக்கும் தாம்பரத்துக்கும் இடையே மின்சார ரயில் ஓடத் தொடங்கியது 1931-ஆம் ஆண்டில். அந்நாளில் உத்தியோகத்தின் பொருட்டு அந்த வண்டியில் ஏறிய மாதர்களை விரல் விட்டு எண்ணிவிட்டிருக்கலாம். இன்றோ பெண்கள் பெட்டியில் கால் வைக்க இடமில்லை. ஆஸ்பத்திரி நர்ஸுகளும், பள்ளிக்கூட ஆசிரியைகளும், ஹைகோர்ட்டுக்குப் போகும் வக்கீல்களும், பாங்கி அதிகாரிகளும், பத்திரிகை நிருபர்களும் அதில் நெருக்கியடித்துக்கொண்டு போகிறார்கள். எதிர்த்திசையிலிருந்து வரும் வண்டியில், சானடோரியம் ஸ்டேஷனில் இறங்கி மெப்ஸ் தொழிற்சாலைகளுக்குள் நுழையும் பெண்களின் கூட்டம் வேறு.

வீட்டு வாடகையும், குழந்தைகளின் பள்ளிச் சம்பளமும், மாமியாரின் மருந்துச் செலவும் இந்தப் பிரயாணத்தை நம்பியே இருக்கின்றன. ஆகையால், பெண் உத்தியோகம் பார்க்கலாமா கூடாதா என்ற பழைய தர்க்கத்துக்கு இப்போது யாருக்கும் அவகாசம் கிடையாது. அது தீர்ந்துபோன வழக்கு.

ஆனால் அந்த வழக்கில் தோற்ற கட்சிக்காரர் வேறொரு வாசல் வழியாக உள்ளே வந்துவிட்டார். அவரைப் பற்றியே இங்கே சொல்ல வேண்டியிருக்கிறது.

அவதூறின் இலக்கணம்

ஓர் ஆண்மகன் பொது வாழ்வில் மேலே வந்தால், "அவர் என்ன செய்தார்?" என்று கேட்கிறார்கள். ஒரு பெண் மேலே வந்தால், "அவள் எப்படி வந்தாள்?" என்று கேட்கிறார்கள். கேள்வி சிறியதுதான். அதில் அடங்கியிருக்கும் விஷம் சிறியதல்ல.

மந்திரி ஒருவரின் கொள்கை பிடிக்கவில்லை என்றால் கொள்கையைத் திட்டுவார்கள். பெண் அதிகாரியின் உத்தரவு பிடிக்கவில்லை என்றால், அவருடைய சேலையையும், சிரிப்பையும், யாருடன் பேசினார் என்பதையும் பற்றிப் பேச்சு எழும். பெண் நிருபர் கேட்ட கேள்வி கஷ்டமாயிருந்தால், அந்தக் கேள்விக்குப் பதில் வராது. அவருடைய நடத்தையைப் பற்றி வதந்திதான் வரும். இவ்வகைப் பேச்சில் ஒரு தந்திரம் உண்டு. வேலையைக் குறை கூறினால், வேலையைக் காட்டிப் பதில் சொல்லிவிடலாம். நடத்தையைக் குறை கூறினால் எதைக் காட்டிப் பதில் சொல்வது? சொல்லச் சொல்ல அந்தப் பேச்சே வளர்ந்துகொண்டு போகும். பேசாமலிருந்தாலோ, "பார்த்தீர்களா, வாயைத் திறக்கவில்லை!" என்பார்கள்.

இது நம் ஊருக்கு மட்டும் உள்ள வியாதி என்று எண்ண வேண்டாம். ஐக்கிய நாடுகளின் கல்வி, கலாசார ஸ்தாபனமாகிய யுனெஸ்கோவுக்காக 2020-ஆம் ஆண்டில் 125 நாடுகளின் பத்திரிகையாளர்களிடம் விசாரித்தார்கள். பதிலளித்த பெண்களில் 100-க்கு 73 பேர், இணையத்தின் வழியாக வசையையோ மிரட்டலையோ அனுபவித்ததாகச் சொன்னார்கள். நால்வரில் கிட்டத்தட்ட மூவர்!

அடையாறில் பிறந்த துணை

இந்த வியாதிக்கு மருந்து தேடியவர்களின் வரலாற்றில், சென்னையின் தென்பகுதிக்குத் தனி இடம் உண்டு. 1917-ஆம் ஆண்டில் அடையாறில் இந்திய மாதர் சங்கம் தோன்றியது. மார்கரெட் கஸின்ஸ், டாரதி ஜினராஜதாஸர், அன்னி பெஸன்ட் ஆகியோர் அதன் தொடக்கத்தில் முன்னின்றார்கள். அதே ஆண்டு டிசம்பரில், இந்தியா மந்திரி மான்டேகு சென்னைக்கு வந்தபோது, ஸரோஜினி தேவியின் தலைமையில் மாதர் தூதுகோஷ்டி அவரைக் கண்டு, பெண்களுக்கும் வாக்குரிமை வேண்டுமென்று கேட்டது. 1921-ல் சென்னை மாகாணம் அந்த உரிமையை வழங்கியது. 1926-ல், சட்டசபைக்கு நியமிக்கத் தகுந்தவர் என்று இச்சங்கம் எடுத்துச் சொன்ன பெயர் டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி.

அந்த அம்மையாரின் சரித்திரத்தை நம் பிள்ளைகள் பாடபுஸ்தகத்தில் படிக்கிறார்கள். முதல் பெண் டாக்டர்களில் ஒருவர், முதல் பெண் சட்டசபை உறுப்பினர் என்று பட்டங்களை நெட்டுருப் போடுகிறார்கள். ஆனால் அந்தப் பட்டங்களுக்கும் அவருக்கும் நடுவே நின்றவர்கள் யார், பக்கத்தில் நின்றவர்கள் யார் என்பதுதான் நமக்கு வேண்டிய பாடம்.

1886-ஆம் ஆண்டில் புதுக்கோட்டையில் பிறந்தவர் அவர். தந்தை நாராயணஸ்வாமி ஐயர். தாயார் சந்திரம்மாள் தேவதாஸி மரபில் வந்தவர். அந்த விவாகத்தின் பொருட்டுத் தந்தையை அவருடைய சொந்த பந்துக்களே தள்ளி வைத்தார்கள். வயது வந்ததும் பெண்ணைப் பள்ளிக்கூடத்திலிருந்து நிறுத்தியபோது, தந்தை வீட்டிலேயே பாடம் தொடர ஏற்பாடு செய்தார். மெட்ரிகுலேஷன் தேறியபின் மன்னர் கல்லூரியில் சேர மனுப்போட்டார். உடனே ஆட்சேபம் கிளம்பிற்று. அவருடைய மார்க்கைப் பற்றி யாரும் ஒரு வார்த்தை சொல்லவில்லை. பெண் என்பது ஒரு குறை. தாயாரின் குலம் "கௌரவமானது அல்ல" என்பது இன்னொரு குறை. ஆண் பிள்ளைகள் கெட்டுப்போவார்கள் என்பது மூன்றாவது குறை. ஆக, பதினெட்டு வயதுப் பெண்ணின் மேல் பழி விழுந்தது அவள் செய்த காரியத்துக்காக அல்ல; அவள் அங்கே வந்து நின்றதற்காகவே.

அங்கே பதில் சொன்னவர் அந்தப் பெண் அல்ல. மன்னர் மார்த்தாண்ட பைரவத் தொண்டைமான்! அவர் ஆட்சேபங்களைத் தள்ளிவிட்டு, பெண்ணைக் கல்லூரியில் சேர்த்துக்கொள்ளச் செய்து, உபகாரச் சம்பளமும் கொடுத்தார். வீட்டிலே தகப்பனார், வெளியிலே அதிகாரம் படைத்த ஒருவர் - இந்த இருவரும் துணை நின்றதால், 1907-ல் சென்னை வைத்தியக் கல்லூரியில் நுழைந்து 1912-ல் டாக்டராக வெளிவந்தார். 1914-ல் டாக்டர் சுந்தர ரெட்டியை மணந்தபோது, தம்மைச் சமமாக நடத்த வேண்டும், தம் விருப்பங்களுக்குக் குறுக்கே நிற்கலாகாது என்று முன்னதாகவே பேசிக்கொண்டாராம். அந்த வாக்கைக் கணவர் காப்பாற்றினார்.

சட்டசபையில் 1927-ல் அவரை ஏகமனதாக உதவித் தலைவராகத் தேர்ந்தெடுத்தார்கள். பெண் குழந்தைகளைக் கோயிலுக்குப் பொட்டுக் கட்டும் வழக்கத்தை ஒழிக்கத் தீர்மானம் கொண்டுவந்தபோது, எதிர்ப்பும் பலமாயிருந்தது. தேசபக்தர்களில் சத்தியமூர்த்தி போன்றவர்களும் எதிர்த்தார்கள். தேவதாஸிகளே சங்கம் சேர்ந்து எதிர்த்தார்கள். கொள்கையை எதிர்ப்பது சட்டசபையின் தர்மந்தான். 1930-ல் காந்தியடிகள் கைதானபோது அம்மையார் பதவியை உதறிவிட்டு வெளியே வந்தார். அவர் தொடங்கிய காரியம் 1947-ல் சட்டமாக நிறைவேறியது.

அந்த 1930-ல்தான் இன்னொரு சம்பவமும் நடந்தது. பொட்டுக் கட்டும் வாழ்க்கையிலிருந்து தப்பி வந்த சில இளம் பெண்கள் அவர் வீட்டுக் கதவைத் தட்டினார்கள். அவர்களை மாணவியர் விடுதிகளில் சேர்க்க முயன்றபோது இடம் கிடைக்கவில்லை. "கௌரவமானது அல்ல" என்று தாம் சிறுவயதில் கேட்ட அதே பல்லவி! அம்மையார் மேடையேறி அதைக் கண்டித்துவிட்டுத் திருப்தியடையவில்லை. தம் வீட்டையே விடுதியாக்கினார். அதுதான் ஒளவை இல்லம். சில ஆண்டுகளில் அடையாறில் வந்து ஊன்றி இன்று வரை நடந்து வருகிறது. மாதர் சங்கத்தாரின் துணையோடு அவர் அடையாறில் நிறுவிய புற்றுநோய் ஆஸ்பத்திரி 1954-ல் பன்னிரண்டு படுக்கைகளுடன் தொடங்கியது. மறு ஆண்டில் அங்கே வந்து சேர்ந்த இளம் டாக்டர் வி. சாந்தா, 2021-ல் கண் மூடும் வரை அந்த ஆஸ்பத்திரியைத் தம் வாழ்வாக்கிக் கொண்டார். ஒரு பெண்ணுக்குக் கிடைத்த துணை அடுத்த பெண்ணுக்குக் கூரையாக மாறியது என்பதே இந்த வரலாற்றின் சாரம்.

கிண்டியில் கேட்ட ஒரு கேள்வி

அடையாறிலிருந்து கிண்டி கூப்பிடு தூரம். ஆனால் காலத்தால் நாம் 2018-ஆம் ஆண்டுக்கு வர வேண்டும்.

அவ்வாண்டு ஏப்ரல் 17-ஆம் தேதி, கிண்டியிலுள்ள கவர்னர் மாளிகையில் பத்திரிகையாளர் கூட்டம் நடந்தது. கவர்னராயிருந்தவர் பன்வாரிலால் புரோஹித். கூட்டம் முடியும் தறுவாயில், 'தி வீக்' பத்திரிகையின் நிருபர் லட்சுமி சுப்பிரமணியன் ஒரு கேள்வி கேட்டார். கவர்னர் பதில் சொல்லவில்லை; நிருபரின் கன்னத்தைத் தட்டினார்! அனுமதியில்லாமல் தம்மைத் தொட்டது தவறு என்று நிருபர் பகிரங்கமாக எழுதினார். சென்னைப் பத்திரிகையாளர்கள் கூட்டாகக் கண்டனம் தெரிவித்தார்கள். மறுநாளே கவர்னர் கடிதம் எழுதி வருத்தம் தெரிவித்தார்; பேத்தியைப் போல் எண்ணிப் பாராட்டும் முறையில் தட்டியதாகச் சொன்னார். அந்தச் சமாதானத்தைத் தம்மால் ஒப்புக்கொள்ள இயலவில்லை என்று கூறியபோதிலும், மன்னிப்பை நிருபர் ஏற்றுக்கொண்டார்.

விஷயம் அதோடு முடிந்திருக்க வேண்டும். ஆனால் ஓரிரு நாட்களுக்குள் முகநூலில் ஒரு பதிவு உலவியது. கவர்னருக்குப் பரிந்து பேசப் புகுந்த அந்தப் பதிவு, செய்தித் தொழிலிலுள்ள பெண்கள் எல்லோருமே மானத்தை விற்றுத்தான் வேலை பெறுகிறார்கள் என்ற பொருள்பட எழுதப்பட்டிருந்தது. கேள்வி கேட்டவர் ஒருவர். பழி விழுந்தது தொழில் முழுவதன் மேலும்! அதை எழுதியவர் வேறொருவர். நடிகரும் மயிலாப்பூரின் முன்னாள் சட்டசபை உறுப்பினருமான எஸ்.வி. சேகர் தம் பக்கத்தில் அதைப் பகிர்ந்தார். எதிர்ப்பு எழுந்ததும் நீக்கிவிட்டு மன்னிப்புக் கேட்டார். படித்துப் பார்க்காமலே பகிர்ந்துவிட்டதாகச் சொன்னார்.

பெண் நிருபர்களும் ஆண் நிருபர்களும் சேர்ந்து தெருவில் நின்று ஆட்சேபித்தார்கள். போலீஸில் புகார் கொடுத்தவர்கள் ஒரு பத்திரிகையாளர் சங்கத்தார். அவ்வாண்டு மே மாதத்தில் ஹைகோர்ட் அவருக்கு முன்ஜாமீன் மறுத்தது. 2023 ஜூலையில், வழக்கையே ரத்து செய்ய வேண்டுமென்ற கோரிக்கையையும் ஹைகோர்ட் நிராகரித்தது. அனுப்பிவிட்ட செய்தி வில்லிலிருந்து புறப்பட்ட அம்பைப் போன்றது, அதன் விளைவுக்கு அனுப்பியவரே பொறுப்பு என்ற கருத்து அந்தத் தீர்ப்பில் இடம்பெற்றது. சுப்ரீம் கோர்ட்டும் அதில் தலையிடவில்லை. 2024 பிப்ரவரியில் விசேஷக் கோர்ட் ஒரு மாதச் சிறையும் 15,000 ரூபாய் அபராதமும் விதித்தது. 2025 ஜனவரியில் ஹைகோர்ட் அந்தத் தண்டனையை உறுதி செய்தது. அதன்பின் அவர் சுப்ரீம் கோர்ட்டை நாடினார்.

ஒரு விரலசைவில் பகிர்ந்த பழிச்சொல்லுக்குக் கணக்குத் தீர்க்க ஏறக்குறைய ஏழு ஆண்டுகள்! அந்த ஏழாண்டும் அலையாமல் சலிக்காமல் ஒரு தனிப் பெண்ணால் நடந்திருக்க முடியுமா? சக தொழிலாளர்கள் அதைத் தங்கள் சொந்த வழக்காக எடுத்துக்கொண்டபடியால் நடந்தது.

சட்டம் பிறந்த கதை

இதைக் காட்டிலும் கொடிய கதை ராஜஸ்தானத்தில் நடந்தது. பதேரி கிராமத்தில் பன்வாரி தேவி என்பவர் அரசாங்கத்தின் மாதர் நலத் திட்டத்தில் ஊழியராயிருந்தார். 1992-ல் ஒரு கைக்குழந்தைக்கு நடக்கவிருந்த விவாகத்தைத் தடுக்க முயன்றார். அது அவர் கடமை. அதற்காக ஊரார் சிலர் அவர் மேல் பாய்ந்து மானபங்கம் செய்தனர். 1995-ல் கீழ்க்கோர்ட் குற்றவாளிகளென்று நின்றவர்களை விடுதலை செய்தது. பன்வாரி தேவிக்கு நீதி கிட்டவில்லை. ஆனால் மாதர் அமைப்புகள் "விசாகா" என்ற பெயரில் சுப்ரீம் கோர்ட்டில் வழக்குத் தொடுத்தன. உத்தியோக ஸ்தலத்தில் பெண்ணைத் தொந்தரவு செய்வது அரசியல் சாஸனம் அளித்த உரிமையை மீறுவதாகும் என்று 1997 ஆகஸ்டில் தீர்ப்பாயிற்று. அதிலிருந்து 2013-ல் சட்டம் பிறந்தது.

அச்சட்டப்படி, பத்துப் பேருக்குக் குறையாமல் வேலை செய்யும் ஒவ்வோர் இடத்திலும் விசாரணைக் குழு ஒன்று இருக்க வேண்டும். பெண் ஒருவரே தலைவர். அங்கத்தினரில் பாதிக்குக் குறையாமல் பெண்கள். வெளியார் ஒருவரும் இருக்க வேண்டும். பத்துப் பேருக்குக் குறைந்த கடைகளிலும், வீட்டு வேலையிலும் இருப்பவர்களுக்கு ஜில்லாக் குழு உண்டு. தாம்பரம் 2019 முதல் செங்கற்பட்டு ஜில்லாவைச் சேர்ந்தது. புகாரைச் சம்பவம் நடந்த மூன்று மாதங்களுக்குள் எழுத்தில் கொடுக்க வேண்டும். தக்க காரணமிருந்தால் இன்னும் மூன்று மாதம் அவகாசம் தரலாம். சொல்லாலோ சைகையாலோ பெண்ணின் மானத்தை அவமதிப்பவருக்கு மூன்றாண்டு வரை சிறை விதிக்க, 2024 ஜூலையில் அமலுக்கு வந்த பாரதிய நியாய ஸம்ஹிதையின் 79-வது பிரிவு இடமளிக்கிறது. ஆபத்தில் உதவிக்கு 181 என்ற டெலிபோன் எண் இருக்கிறது. இவற்றையெல்லாம் நம் வீட்டுப் பெண்களுக்கும், அவர்களோடு வேலை செய்யும் ஆண்களுக்கும் தெரிவிப்பது பெரியோர் கடமை.

வீட்டின் வாசற்படியில்

சட்டம் கோர்ட்டில் இருக்கிறது. பழிச்சொல் வந்து சேருவதோ நம் வீட்டுக்கு. பழி கூறுகிறவன் யாரைக் குறி வைக்கிறான்? கஷ்டப்பட்டுப் படித்து, உத்தியோகத்தில் நாலு பேரோடு போராடி நிற்கும் அந்தப் பெண் இலேசில் பயப்படமாட்டாள் என்பது அவனுக்குத் தெரியும். ஆகையால் அவள் தகப்பனாரைக் குறி வைக்கிறான். மாமியாரைக் குறி வைக்கிறான். அண்ணனுக்கு வரன் பார்த்துக்கொண்டிருக்கும் தாயாரைக் குறி வைக்கிறான். "ஊர் வாயை மூட முடியுமா? நமக்கு எதற்கு அம்மா இந்த வம்பு? பேசாமல் வேலையை விட்டுவிட்டு வந்துவிடு" என்று அவர்கள் கண்ணீரோடு சொல்லும் அந்த நிமிஷத்தில்தான் அவன் ஜெயிக்கிறான். அவன் தொடங்கி வைத்த காரியத்தை, அன்பின் பெயரால், நாமே முடித்துக் கொடுத்துவிடுகிறோம்.

ஆகவே துணை நிற்பது என்பது வீட்டிலேதான் ஆரம்பிக்க வேண்டும். "நீ வேலைக்குப் போய் வா, ஊருக்கு நாங்கள் பதில் சொல்லிக் கொள்கிறோம்" என்ற ஒரு வாக்கியத்தைத் தகப்பனார் சொல்லிவிட்டால், பாதி அவதூறு வாசற்படியிலேயே விழுந்துவிடும். புதுக்கோட்டையில் நாராயணஸ்வாமி ஐயர் செய்தது அதுதான்.

அடுத்தபடி, குடும்பத்தின் கைப்பேசிக் குழுவில் இப்படிப்பட்ட செய்தி வந்து விழும்போது என்ன செய்வது? சிரிப்பாயிருக்கிறதே என்று அடுத்தவருக்குத் தள்ளிவிடுபவர், பழியில் பங்குதாரராகிவிடுகிறார். படிக்காமல் அனுப்பினேன் என்ற சமாதானம் கோர்ட்டில் எடுபடவில்லை என்பதை மேலே பார்த்தோம். அழித்துவிட்டால் மட்டும் போதாது. "சித்தப்பா, நம் வீட்டுப் பெண்ணைப் பற்றி இப்படி ஒருவன் எழுதினால் நமக்கு எப்படியிருக்கும்?" என்று எல்லோரும் பார்க்கும்படி, மரியாதையாகவே, ஒருவர் கேட்க வேண்டும். பெரும்பாலும் ஒருவர் கேட்டால் போதும். மற்றவர்கள் அதற்காகவே காத்திருப்பார்கள்.

காரியாலயத்தில், பக்கத்து நாற்காலிக்காரர் செய்ய வேண்டியது, "நான் பார்த்தேன், சாட்சி சொல்ல வருகிறேன்" என்பது. தனியாக அழைத்து ஆறுதல் சொல்லிவிட்டு விசாரணையன்று லீவு எழுதிக் கொடுப்பவரின் அனுதாபம் எதற்கும் உதவாது.

ஒன்று மட்டும் மறக்கலாகாது. துணை நிற்பது என்றால் பெண் உத்தியோகஸ்தரைக் குறையே சொல்லக் கூடாது என்பதில்லை. தாம்பரம் நகரம் 2021-ல் பக்கத்து நகராட்சிகளையும் பேரூராட்சிகளையும் சேர்த்துக்கொண்டு மாநகராட்சியாயிற்று. 2022 மார்ச்சில் அதன் முதல் மேயரானவர் வசந்தகுமாரி என்னும் இளம் பெண். ஸ்தல ஸ்தாபனங்களில் பாதி இடங்கள் பெண்களுக்கென்று தமிழ்நாட்டில் சட்டமிருக்கிறது. ஆகவே நம் தெரு விளக்குக்கும், மழைநீர்க் கால்வாய்க்கும், குப்பைக்கும் பொறுப்பானவர்களில் பாதிப் பேர் மாதர்களாயிருப்பார்கள். விளக்கு எரியாவிட்டால் தாராளமாகச் சண்டை போடலாம்; கால்வாய் அடைத்துக்கொண்டால் மனுக் கொடுக்கலாம், கூட்டத்தில் எழுந்து கேட்கலாம், தேர்தலில் தோற்கடிக்கலாம். அவர் சேலையைப் பற்றியும், கணவரைப் பற்றியும், எவரால் இந்தப் பதவி வந்தது என்பதைப் பற்றியும் பேச வேண்டியதில்லை. வேலையை அளக்க வேலைதான் கோல். ஆணுக்கு எந்தக் கோலோ அதே கோல் பெண்ணுக்கும் என்பதற்கு மேல் அவர்கள் எதுவும் கேட்கவில்லை.

சுதந்திர தேசத்தில் ஸ்திரீகள் கல்வி கற்று, ஊதியம் ஈட்டி, பதவி வகிக்க வேண்டுமென்று நம் பெரியோர்கள் ஆசைப்பட்டார்கள். அந்த ஆசையில் முக்கால் பங்கை நம் பெண்கள் தங்கள் உழைப்பினாலேயே நிறைவேற்றிவிட்டார்கள். மீதிக் கால் பங்கு அவர்களால் ஆவதன்று. அது அவர்களுடைய தகப்பன்மாருக்கும், சகோதரர்களுக்கும், கணவன்மாருக்கும், சக ஊழியர்களுக்கும் உரியது. பழிச்சொல்லுக்குப் பதில் சொல்ல வேண்டியவர் பழிக்கப்பட்டவர் அல்ல. அதைக் காதால் கேட்ட நாம்.